எங்கள் தோய்க்கும் நாளில் வந்த துவக்கு

ஊரைவிட்டு வந்து குடியேறிய ஓல்டன் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தில், உடுப்புத் தோய்க்கும் அறை எங்களுக்குக் கிடைப்பது இரண்டு கிழமைக்கு ஒரு நாள். அந்த நாளுக்காக அம்மா திருவிழாவுக்குப்போல நாள் எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்படியொரு நாளை ஒரு துவக்கு வந்து கெடுத்தது.

துவக்குக்குச் சொந்தக்காரர் கீழ்வீட்டுக் கிழவர். ரயிலில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் இடித்து நிரப்பிச் சுடும் பழையகாலத் துவக்கு அது. பிளாஸ்டிக் உறை போட்ட புதுவகைக் குண்டுகளுக்கு ஆசைப்பட்டு அவர் சுட்டதில், குழலின் உட்புறமெல்லாம் பிளாஸ்டிக் அப்பிப்போயிற்று. சுட்ட குண்டு குறியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனதாம். மறுநாள் சுடும் போட்டி. கொதிநீர் ஊற்றியும் பிளாஸ்டிக் அசையவில்லை.

அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. மேசைக்கடியில் காய்ந்த சூயிங்கத்தையே கழற்றுகிறவர் இதையும் கழற்றுவார் என்று கிழவர் நம்பினார். மறுக்க வழியில்லை. எங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர்தான்.

“உந்தத் துவக்கை மட்டும் தொடாதேங்கோ,” என்றார் அம்மா.

“தொடாமல் எப்பிடித் துடைக்கிறது?” என்றார் அப்பா.

தண்ணீர்த்தொட்டி இருந்த தோய்க்கும் அறையில் கிழவர், துவக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். அதற்குள் அப்பா அதைக் கையில் எடுத்துவிட்டார். என்னைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். குழல்வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கம்பியை விட்டு அளந்து, உள்ளே குண்டும் மருந்தும் இல்லை என்று உறுதிசெய்தார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். கிழவர் அப்பாவின் கைகளையே பார்த்தார்.

“நீங்கள் இராணுவத்தில் இருந்தீர்களா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“இல்லை,” என்றார் அப்பா. கூடையோடு வாசலில் நின்ற அம்மாவின் முகம் வெளிறிப்போனது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

கிழவர் வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா பசை அகற்றும் திரவத்தை ஊற்றி ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால் பொறுமையாகக் குடைந்தார். பிளாஸ்டிக் தேங்காய்ப்பூப்போல உதிர்ந்தது. பிறகு துணி, பிறகு எண்ணெய். டோர்ச் அடித்துப் பார்த்தபோது குழல் பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் உடுப்பு மட்டும் அன்று தோய்க்கப்படவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கிழவர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. துவக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று ஆவலோடு தேடினேன். நேரம் தவறாதவர், படிக்கட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர், பிள்ளையை ஒழுங்காக வளர்ப்பவர். அவ்வளவுதான்.

“துவக்குத் துடைச்சதை எழுதவே இல்லை!” என்று கத்தினேன்.

“வடிவாப் பார். ஒண்டும் இல்லையோ?” என்றார் அப்பா.

“ஒண்டுமே இல்லை.”

அம்மா அழத் தொடங்கினார். அப்பா கடிதத்தை வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஊரில் அப்பா இரண்டு வருடம் துவக்கோடு எங்கே இருந்தார் என்பதும், இங்கே தஞ்சம் கேட்டபோது துவக்கைத் தொட்டதே இல்லை என்று சொல்லியிருந்தார் என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருடம் இருந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கிழவர் நன்றிகெட்டவர் என்பதுதான். ஒரு மாதம் அவருக்கு வணக்கம் சொல்லாமலே படியேறினேன். அவரோ ஒவ்வொரு நாளும் தொப்பியைத் தூக்கி எனக்கு முதலில் வணக்கம் சொன்னார்.