பாசில் அண்ணனின் டோக்கன்

பாசில் அண்ணன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். எது தள்ளிப்போனாலும் தொழுகையைத் தள்ளிப்போட மாட்டார். அதுதான் இப்போது வம்பு. கிடங்கு வாசலில் எல்லாம் போன் செயலிதான். லாகின் செய்தால் ஒரு டோக்கன் தரும். அது உயிரோடு இருக்கும்வரைதான் வரிசையில் இடம். போனைச் சும்மா வைத்தால் டோக்கன் செத்துவிடும்.

நேற்று பக்கத்து ஊரான மேருவுக்குச் சரக்கு. இரவுக்குள் சேர்க்காவிட்டால் அந்த நடை வேறொருவருக்கு. மாலை அசர் தொழப் போகும்போது, என் லோரி வேலையை முடித்து நின்ற என்னிடம் போனை நீட்டினார்.

"பக்கிரி, ஸ்கிரீனத் தேச்சுக்கிட்டே இரு லா."

முருகா முருகா என்று தேய்த்தேன். திடீரென்று செயலி முகத்தைக் காட்டச் சொன்னது. பதற்றத்தில் என் முகத்தையே காட்டித் தொலைத்தேன். டோக்கன் போயிற்று.

வாசல் கவுண்டரில் இருந்த மாதவி, தொழுது திரும்பிய அண்ணனிடம் கையை விரித்தாள். "அண்ணே, உங்கள எனக்குத் தெரியாதா? இந்த மெஷின் டோக்கனத்தான் பாக்குது. அது இல்லன்னா நீங்க யாரோ."

"அல்லாவுக்குத் தெரியும்மா நான் யாருன்னு. இந்தப் பெட்டிக்குத்தான் தெரியல," என்று முனகியபடி மறுபடி லாகின் செய்து கடைசி லோரியாக நின்றார்.

அவருக்கு முன்னால் இரண்டே லோரிகள் இருந்தபோது அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. போனை வாங்க நான் கையை நீட்டினேன்.

"உன் மூஞ்சியக் காட்டினது போதும்பா," என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லோரியை ஓரங்கட்டிவிட்டுத் தொழப் போனார்.