மச்சான் அடித்த நீள விசில்

டிரைவருக்கு முன்கோபம் உண்டு, வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் வண்டிக்குள் பின்பக்கம் நடப்பதை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் நிற்கும் கண்டக்டர் அவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கடைசி நிறுத்தமான டிப்போவில் மச்சான் ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டு ஒரு நீள விசில் அடிப்பார். வண்டி காலி, டூட்டி முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் இவர் இன்ஜினை அணைப்பார். எப்போதோ ஒரு குழந்தை பின்சீட்டில் தூங்கிக்கிடந்ததிலிருந்து வந்த பழக்கம். டிப்போவில் வேறு எந்த ஜோடிக்கும் இது கிடையாது.

அரசு பஸ் அல்லவா, பிரேக் சரியில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் சாலையைக் கடந்த கர்ப்பிணிக்கு ஒரு முழம் முன்னால்தான் வண்டி நின்றது. டிப்போ வரும்வரை டிரைவர் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. அங்கே வாசலில் டிவிக்காரர்கள் கட்டண உயர்வைப் பற்றிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போய்ச் சொல்லு மாப்ள. என்ன வந்தாலும் நான் இருக்கேன்ல," என்றார் மச்சான். சீட்டெல்லாம் பார்த்து நீள விசிலும் அடித்தார். இவர் இறங்கிப் போய் மைக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பிரேக்கைச் சரிசெய்தார்கள். டிரைவர் மேல் விசாரணையும் வைத்தார்கள்.

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "டூட்டி முடிஞ்சப்புறம் நீங்க பேசினா அது உங்க உரிமை, நான் யாரு கேக்கறதுக்கு? ஆனா பயணிகளை வண்டியில விட்டுட்டு இறங்கிப் போயிருந்தா, அது வேற கதை."

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என் கண்டக்டரையே கேளுங்க சார்."

மச்சான் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டியில ஆள் இருந்தாங்க சார். நான் விசில் அடிக்கல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு மச்சான்."

பார்க்கவில்லை. வேறு எவன் சொல்லியிருந்தாலும் டிரைவர் சட்டையைப் பிடித்திருப்பார். கூட இருந்தே குழி பறித்தவனிடம் என்ன சண்டை போடுவது? அன்றோடு ஸ்டியரிங் போயிற்று; பஸ் கழுவும் ஷெட்டுக்குத் தள்ளினார்கள். மச்சானுக்கோ, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பகல் ஷிப்ட், சின்ன ரூட்டு, கேட்காமலே கிடைத்தது.

"எங்கண்ணன் அப்படிச் சொல்லியிருக்காதுங்க," என்றாள் மனைவி. அவளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் அண்ணன் பேச்சு எழவில்லை.

ஒரு நாள் மாலை டிரைவர் ஹோஸும் கையுமாக நிற்க, அவர் முன்பு ஓட்டிய பஸ் ஷெட்டுக்குள் வந்து நின்றது. உள்ளே நீள விசில் கேட்டது. பாழாய்ப்போன கை, பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பப் போனது.

மச்சான் இறங்கினார். "காலி மாப்ள, கழுவலாம்," என்றார், எங்கோ பார்த்தபடி.

டிரைவர் ஹோஸைக் கீழே போட்டார். வண்டிக்குள் ஏறி, முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை ஒவ்வொன்றின் அடியிலும் தானே குனிந்து பார்த்தார்.