நான்கு ரகங்கள், ஆறு குவியல்கள்

கானா நாட்டிலிருந்து எங்கள் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு நான்கு மாத ஆய்வு உதவித்தொகையில் வந்திருந்த பெண் விஞ்ஞானி அந்தச் சனிக்கிழமை ஊர் திரும்ப வேண்டும். ஓமந்தூர் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் நான்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ரகங்களை அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்திருந்தார். ஒவ்வொன்றும் எவ்வளவு காய்த்தது என்ற எடைப் பட்டியலோடு அறிக்கை போனால்தான் அவருடைய நாட்டில் அந்த ரகங்களைப் பயிரிட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கும். அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்ட பண்ணை அலுவலர் நான்.

வியாழன் காலை அவருடைய பயணத் தாளில் முத்திரை வாங்க இருவரும் விழுப்புரம் போனோம். வெள்ளிக்கிழமை அறுவடை என்று விவசாயி வீட்டில் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தேன். அலுவலக வரிசையில் நிற்கும்போது வடக்கே மேகம் திரண்டது. நான் கைக்கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபதுக்கு விவசாயியின் மனைவி போனில் அழைத்தார்.

"சார், மானம் கறுத்துக்கினு வருது. ஆளுங்கள வச்சி புடுங்கிட்டோம். நீங்க பேஜாரு படாம வாங்க."

"எல்லாத்தையுமா?"

"பின்ன பாதிய மழைக்கா வுடுவோம்?"

பேருந்தில் திண்டிவனம் வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. இருக்கை காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிலத்தில் நான்கு குவியல்களுக்குப் பதில் ஆறு இருந்தன. ஆறு பெண்கள், ஆளுக்கொரு குவியல். எங்கள் பக்கம் அப்படித்தான்; அவரவர் பிடுங்கிய செடியை அவரவரே ஆய்ந்து, காயில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துப்போவார்கள். ஒவ்வொருத்தியும் நான்கு பாத்திகளின் குறுக்கே நேராகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள். பாத்தியைப் பிரித்த குச்சிகளையும் ஓரமாய் எடுத்து அடுக்கியிருந்தார்கள். இது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. நாள் சொன்னேன், ரகவாரியாகக் குவிக்கச் சொல்லவில்லை.

விஞ்ஞானி செருப்பைக் கழற்றிவிட்டு முதல் குவியலருகே உட்கார்ந்தார். மூக்கு நீண்ட காய் ஒரு பக்கம், மூன்று பருப்புக் காய் ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் சார், மேடம் ஊர்ல மல்லாட்டையே இல்லியா? ஒண்ணொண்ணா மொகம் பாத்துக்கினு இருக்காங்க!" என்றாள் ஒருத்தி.

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி," என்றாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே அவளும் பிரிக்க உட்கார்ந்தாள். நான்கு மணிக்குள் மற்றவர்களும் சேர்ந்தார்கள். நல்லவேளை, மழை வரவில்லை.

இரண்டு ரகங்கள் சுத்தமாகப் பிரிந்தன. மற்ற இரண்டின் காய்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. தராசு முன்னால் நின்று அவர் கேட்டார்: "இதைச் சரிபாதியாகப் பிரித்து எழுதலாமா?"

"வேண்டாம்."

"கலந்ததற்கு என்ன காரணம் எழுதுவது?"

"நான் சொல்லத் தவறினேன் என்று எழுதுங்கள்."

அப்படியே எழுதி, வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை கிளம்பினார். மூன்று வாரம் கழித்துச் செய்தி அனுப்பியிருந்தார்: எடை தெரிந்த இரண்டு ரகங்களுக்கு மட்டும் அனுமதி. நன்றி என்றும் எழுதியிருந்தார். விட்டுப்போன இரண்டில் ஒன்றுதான் வயலில் அதிகம் காய்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. எது என்றுதான் இன்னும் மனசு கேட்டுக்கொண்டிருக்கிறது.