எர்ணாவூர் ஸ்டாப்ப தூக்கிட்டாங்க

முன்னாடி நின்ன காருங்க

எங்க பஸ்சு நின்னுடுச்சு. சிக்னல்ல நிக்கிற மாதிரி இல்ல. டிரைவர் மாரியண்ணன் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, செருப்பக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் தூக்கி மேல வெச்சுட்டாரு. அவரு காலத் தூக்கி வெச்சாருன்னா அன்னிக்கி ஷிப்ட்டு கோவிந்தா.

நான் கம்பெனி பஸ் கோஆர்டினேட்டர். விடியக்காலைல பொண்ணுங்கள ஏத்திகினு போய், எட்டு மணி ஷிப்ட்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கீற ஃபேக்டரி கேட்டுல எறக்கி வுடணும். நடுவுல உலகத்துல எது நடந்தாலும் அது என் தப்பு. இதான் தொழிலு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்குப் பின்னாடி நின்னு நின்னு ஆயுசக் கொறச்சுகினவங்க அத்தினி பேரும் எனக்கு சொந்தக்காரங்க. உக்காருங்க, ஆபீஸ்ல யாரும் இல்ல, ஃபோன் வர்றதுக்குள்ள டைப் பண்ணிடறேன்.

எங்க ஃபேக்டரில காருக்குள்ள ஓடுற ஒயர எல்லாம் ஒண்ணாச் சேத்துக் கட்டுவாங்க. வேலை பூரா பொண்ணுங்கதான். எர்ணாவூர் குப்பம் முத ஸ்டாப்பு. அப்பறம் விம்கோ நகர், காலடிப்பேட்டை, கடைசியா ராயபுரம். அங்கருந்து ஊருக்குள்ள பூந்து பூந்தமல்லி ரோட்டப் புடிக்கணும். முந்தின நாள்தான் ஹெச்.ஆர். மேனேஜர் கூப்ட்டு சொல்லியிருந்தாரு, இன்னொரு வாட்டி லேட்டானா பஸ்சு மாதவரத்துலேர்ந்துதான் கெளம்பும், அது வரைக்கும் உங்க ஆளுங்க அவங்களே வந்துக்கட்டும்னு. மத்தவங்க மாறி மாறி பஸ் புடிச்சு எப்பிடியோ வந்துடுவாங்க. எர்ணாவூர்ல ஏறுற கஸ்தூரியால வர முடியாது, அந்நேரத்துக்கு அங்க வேற பஸ்சே கெடையாது. அவளுக்கு அதோட வேலை போச்சு.

நான் கீழ எறங்கி முன்னாடி நடந்து போய்ப் பாத்தேன். போர்ட்டுக்குப் போற டிரெய்லருங்கதான், கண்ணுக்கு எட்டுன வரைக்கும். எங்களுக்கு நேர் முன்னாடி நின்னது கார் ஏத்துற டிரெய்லரு. எல்லாம் புத்தம் புது காரு, கப்பல் ஏறப் போவுது, சீட்டு மேல பிளாஸ்டிக்கு கூட பிரிக்கல. மாடலப் பாத்தேன். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நாங்க ஒயரு கட்டித் தர்றதே அந்தக் காருக்குத்தான். நான் வாயத் தொறந்துகினு நிக்கிறேன், பின்னாடியே எறங்கி வந்த கஸ்தூரி நல்லா அண்ணாந்து பாத்துட்டு பொறுமையா சொல்றா: "நான் கட்டுன ஒயராத்தான்க்கா இருக்கும். எனக்கு முன்னாடி அது வெளியூரு போவுது பாரேன்."

ஒண்ணாவது நின்னுச்சா

கஸ்தூரிய வேலைக்கு இஸ்துகினு வந்ததே நான்தான். அப்ப நான் சேந்த புதுசு. டிவியத் தொறந்தா வளர்ச்சி, பேப்பரத் தொறந்தா வளர்ச்சி. அதெல்லாம் தெக்கால அடையாறு, வேளச்சேரி பக்கமே சுத்திகினு இருந்துச்சு. நம்ம பக்கத்துக்கும் ஒரு கம்பெனி பஸ்சு வருதுன்னதும் எனக்குக் கால் தரையில நிக்கல. நோட்டீச கையில வெச்சுகினு வூடு வூடா ஏறி எறங்குனேன். எர்ணாவூர் குப்பத்துல கஸ்தூரியோட அப்பா ஏழுமலை, கடல்லேர்ந்து வந்து சாப்ட்டுகினு இருந்தாரு. நான் அவரு முன்னாடி ஒக்காந்து, நாடு எங்கயோ போயிகினு கீது நைனா, நம்ம பொண்ணுங்களும் கூட போவ வாணாமான்னு ஒரு மீட்டிங்கே போட்டேன்.

அவரு கொழம்புல கீற முள்ள ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுகினே கேட்டாரு. உள்ள கஸ்தூரியோட அம்மா சொவத்தப் புடிச்சுகினு நடந்து வந்தாங்க. ஒரு நாள் விடியக்காலைல மீன் கூடையோட முனைக்கு நடந்து போறப்ப லாரி ஒண்ணு அவங்க கால் மேல ஏறிட்டுப் போயிடுச்சாம். லாரிக்காரன் பிரேக்கு கூடப் போடல. நான் நோட்டீச மடிச்சுகினேன். ஏழுமலைதான் கைய கழுவிட்டு வந்து முடிச்சு வெச்சாரு: "சிம்னி வந்துச்சு, ஆயிலு வந்துச்சு, உரம் வந்துச்சு, இப்ப கண்டெய்னரு. அல்லாம் எங்கூட்டத் தாண்டித்தாம்மா போவுது, ஒண்ணாவது நின்னுச்சா? உன் பஸ்சு வூட்டாண்ட வந்து நின்னா பொண்ணு ஏறும், நிக்காங்காட்டி ஏறாது."

நடுவுல கோடு

காரப் பாத்த அந்த நாளு, ஷிப்ட்டு ஆரம்பிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போய்ச் சேந்தோம். மேனேஜரு ரூம்ல எனக்கு எங்கருந்துதான் தைரியம் வந்துச்சோ, "சார், ஸ்டாப்ப தூக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் எங்ககூட பஸ்ல வந்து பாருங்க சார்"னுட்டேன். மனுசன் கெட்டவரு இல்ல. சரின்னுட்டாரு. நெஜமாவே மறுநாள் விடியக்காலைல தண்ணி பாட்டிலும் தொப்பியுமா எர்ணாவூர் முனையில கார்லேர்ந்து எறங்கிட்டாரு.

அதுக்கு முந்தின ராத்திரி டிரெய்லர் டிரைவருங்க ஸ்ட்ரைக்கு ஆரம்பிச்சுட்டாங்க. எங்க யாருக்கும் தெரியாது. பஸ்சு முனை திரும்புச்சு, ரோட்டுல ஒரு வண்டி இல்ல. கடலு தெரியுது. கல்லு மேல அலை அடிக்கிற சத்தம் கேக்குது. நான் தலையில கைய வெச்சுகினேன். மாரியண்ணன் ஸ்டீரிங்கப் புடிச்சுகினு, "ரோட்டுக்கு நடுவுல வெள்ளைக் கோடு போட்டுகீறாங்க மேடம், இன்னிக்கித்தான் பாக்குறேன்"ன்னாரு. பறந்துகினு போறோம். அப்பத்தான் அடுத்த பேஜாரு. பஸ்சு இவ்ளோ சீக்கிரம் வரும்னு எவ கண்டா? விம்கோ நகர் ஸ்டாப்புல பாதி பேரு இல்ல. காலடிப்பேட்டைல ஒருத்தி பல்லு வெளக்கிகினே வந்தா. ராயபுரத்துல சர்ச்சாண்ட ஏற வேண்டிய ரோஸ்லின், ஈரத் தலையோட, ஒரு கையில செருப்பத் தூக்கிகினு ஓடி வர்றா. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் மேனேஜரு வாட்சப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. ஃபேக்டரிக்குப் போய்ச் சேந்தா கேட்டே இன்னும் தொறக்கல. எறங்குறப்ப ரொம்ப மரியாதையா சொன்னாரு: "ரோடு நல்லாத்தாம்மா இருக்கு. உங்க ஆளுங்கதான் லேட்டு."

அங்கதான் சார்

ஃபோன் வந்துச்சு, பேசிட்டு வந்தேன். பஸ்ல யாரோ டிபன் பாக்ஸ வுட்டுட்டாங்களாம், அதுக்கும் கோஆர்டினேட்டர்தான்.

ஸ்ட்ரைக்கு நீண்டுகினே போச்சு. டிரெய்லரு ஓடாம காரு கப்பலுக்குப் போவல. காரு போவலன்னா எங்க ஒயரு யாருக்கு வேணும்? கட்டுன பொட்டி எல்லாம் கேண்டீன் வரைக்கும் அடுக்கி வெச்சுட்டாங்க. நாங்க பொட்டிங்களுக்கு நடுவுல நின்னுதான் சாப்ட்டோம். அப்பறம் லைனே நின்னுடுச்சு. ஒரு நாள் மேனேஜரு என்னத் தேடிகினு அவரே நடந்து வந்தாரு. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. "உங்க ஏரியாதானேம்மா, டிரெய்லர்காரங்க யாரையாவது தெரியுமா?"ன்னு கேட்டாரு. எங்க ஏரியா ஆளுங்களால கம்பெனிக்கு ஒரு காரியம் ஆவணும்னு அவரு கேட்டது எனக்கு ஷாக்கு. ரோஸ்லினோட அண்ணன் அந்தோணி டிரெய்லர் ஓட்டுறவரு. அவளக் கூப்ட்டுகினு போனேன்.

ஏசி ரூம்ல சேர் போட்டு ஒக்கார வெச்சு, எதுக்கும்மா ஸ்ட்ரைக்குன்னாரு. ரோஸ்லின் சேரு நுனியில ஒக்காந்து சொன்னா. "போர்ட்டுக்குள்ள வுடற வரைக்கும் மூணு நாளு கூட லைன்ல நிக்குதுங்க சார். வண்டிய வுட்டு எறங்க முடியாது. சோறு பொங்குறது, தூங்குறது அல்லாம் வண்டிக்கு அடியிலயேதான். நின்ன நாளுக்கு படி கெடையாது." மேனேஜரு நிமுந்து ஒக்காந்தாரு. "மூணு நாளா? எங்கம்மா நிக்குது?" ரோஸ்லின் என்ன ஒரு பார்வ பாத்தா. அப்பறம் அவருகிட்ட திரும்பி சொன்னா: "அன்னிக்கி வந்து நல்ல ரோடுன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அங்கதான் சார்."

போட்டோ நல்லா வந்துகீது

எனக்கு ஒரே குஷி. புரிஞ்சுகினாருடா மனுசன், இனிமே ஸ்டாப்பு பொழச்சுச்சுன்னு நெனச்சேன். பேசி முடிச்சு ஸ்ட்ரைக்கும் வாபஸ் ஆச்சு. மேனேஜரு என்னக் கூப்ட்டாரு. சிரிச்ச மொகமா போனேன். "நீங்க சொன்னது சரிதாம்மா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். உண்மையிலேயே ரொம்ப மோசமான ரோடு. அந்த ரோட்டை நம்பி இனிமே பஸ்ஸை அனுப்ப முடியாது"ன்னாரு. திங்கக்கெழமலேர்ந்து மாதவரத்துல கெளம்பும். நான் அப்பிடியே ஒக்காந்துட்டேன். ரோடு நல்லாருந்தா ஆளு சரியில்ல, ஸ்டாப்பு கட். ரோடு சரியில்லன்னா ஆளுங்க பாவம், அப்பவும் ஸ்டாப்பு கட்.

சாயந்தரம் திரும்பி வர்றப்ப கஸ்தூரி பக்கத்துல போய் ஒக்காந்து சொன்னேன். அவ அழுவல. அதான் எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு. அவ சம்பளத்துலதான் அவங்கம்மா காலுக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னு இருந்தாங்க, பஸ்ல எல்லாருக்கும் தெரியும். அப்பறம் கழுத்துல மாட்டியிருந்த கம்பெனி கார்டக் கழட்டி, மடியில வெச்சு, பிளாஸ்டிக்க முந்தானையால தொடச்சுட்டு கேட்டா: "இத திருப்பிக் குடுத்துடணுமாக்கா? போட்டோ நல்லா வந்துகீது, வெச்சுக்கவா?"

குறுக்க நின்ன பெரிசு

திங்கக்கெழம. ஸ்ட்ரைக்கு முடிஞ்சு தேங்கிக் கெடந்த வண்டி பூரா ஒண்ணா கெளம்பி, போர்ட்டுப் பக்கம் போற ரோடு ஒரேடியா அடைச்சுகிச்சு. நான் ரெண்டு பஸ்சு மாறி மாதவரம் போய்ச் சேந்தேன். மாரியண்ணன் இன்ஜின ஓட வுட்டுகினு நிக்கிறாரு. எங்க பொண்ணுங்க ஒருத்தியையும் காணோம். அப்ப மணலி பக்கத்துலேர்ந்து ஒரு காலி டிரெய்லரு வந்து எங்க பஸ்சுக்குப் பின்னாடி நின்னுச்சு. கேபின் கதவு தொறந்துச்சு. மொதல்ல ஒரு டிபன் பை எறங்குச்சு. அப்பறம் கஸ்தூரி. அவளுக்குப் பின்னாடி, லுங்கிய மடிச்சுக் கட்டிகினு ஏழுமலை.

டிரெய்லர் டிரைவரு எறங்கி வந்து நடந்தத சொன்னான். எர்ணாவூர் முனையில இந்த மனுசன் பொண்ணக் கையில புடிச்சுகினு, இன்னொரு கைய நீட்டிகினு, நட்ட நடு ரோட்டுல வந்து நின்னுட்டாராம். கஸ்தூரி சிரிப்ப அடக்கிகினு சொன்னா, போர்ட்டுக்குப் போறதுதான்க்கா அடைச்சுகினு கீது, எறக்கிட்டு காலியாத் திரும்புறது அல்லாம் இந்தப் பக்கம் பறந்துகினு வருதுன்னு. நான் மாரியண்ணனப் பாத்தேன், அவரு என்னப் பாத்தாரு. இத்தினி நாளா டிரெய்லருங்ககூட சேந்துகினு நாங்களும் போர்ட்டுப் பக்கமே பஸ்ச வுட்டுகினு இருந்திருக்கோம். பஸ்சுன்னா தூரத்துல ஆரம்பிச்சு ஊருக்குள்ளதான் போவணும்னு யாரு சொன்னது? ராயபுரத்துல ஆரம்பிச்சு, காலடிப்பேட்டை, விம்கோ நகர், கடைசியா எர்ணாவூர், அப்பிடியே மணலி வழியா மாதவரம். அம்மாந்தான் விஷயம். நானு, மாரியண்ணன், மேனேஜரு, ஒருத்தர் மண்டையிலயும் இது ஏறல. எனக்கு என் மேலயே ஷாக்கு. டிரெய்லர் டிரைவரு கெளம்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட தனியா வந்து மெதுவா கேட்டான்: "யக்கா, இந்தப் பெரிசு நாளைக்கும் வருமா?"

எது நின்னுச்சு

மேனேஜருகிட்ட சொன்னேன். கேட்டதும் எழுந்து நின்னுட்டாரு. ரெண்டு நாள்ல பெரிய மீட்டிங்குல கலர் கலரா படம் போட்டு, இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர வெச்சு, கை தட்டும் வாங்கிட்டாரு. வாங்கிக்கட்டும். ஒரு வாரம் ஏழுமலை தெனம் ரோட்டுல நின்னாரு. அடுத்த வாரம் எங்க பஸ்சு மறுபடியும் எர்ணாவூருக்குப் போச்சு. இப்பவும் சில நாளு திரும்புற பக்கத்தையும் அடைச்சுடறானுங்க, மாரியண்ணன் கால் மேல போவுது, நான் திட்டு வாங்கறேன். ஆனா கஸ்தூரி கழுத்துல கார்டு கீது.

பஸ்சு திரும்ப வந்த மொத நாளு ஏழுமலை வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. கஸ்தூரி அம்மா சொவத்தப் புடிச்சுகினு எட்டிப் பாத்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல. படியில தொங்கிகினே, "பாத்தியா நைனா, ஒண்ணாவது நின்னுச்சான்னு கேட்டியே, இதோ நின்னுச்சு பாரு"ன்னேன். அவரு பொண்ணு ஏறி ஒக்கார்ற வரைக்கும் பாத்துட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு சொன்னாரு: "அது எங்கம்மா நின்னுச்சு? நான் நிறுத்துனேன்."

வளர்ச்சி எல்லா ஊருக்கும் வருதுன்னு டிவில சொல்றது நெசந்தான், எங்க ஊர்ல மட்டும் ரோட்டுக்கு நடுவுல போய் நின்னு கை காட்டணும்.