பிஷப் நட்ட மாங்கன்றும் லேப் தண்ணீரும்

காலேஜில் கூட்டித் துடைக்கிற வேலையில் குப்பையைவிட அதிகம் தூக்குவது தண்ணீரைத்தான். துடைப்பம் பிடித்த அக்கா தங்கச்சிகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். ஒரு தடவை புழங்கிய தண்ணீர் இன்னொரு வேலைக்கு ஆகும் என்று எனக்கு முதலில் சொன்னவர், செடிகொடிப் பாடம் எடுத்த லில்லி டீச்சர். எண்பதுகளில், தர்மபுரிப் பக்கம் மழை ஏமாற்றிய ஒரு மாசி மாதம் அது. நான் அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு காலேஜின் பெண்கள் ஹாஸ்டலில் ஆயாவாக இருந்தேன்.

ஒரே கிணறு

பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. கிணறு கையை விரித்தால் ஹாஸ்டலை மூடிவிடுவேன் என்று பிரின்சிபால் மதர் சொல்லிவிட்டார். உடனே லில்லி டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: குளித்த தண்ணீர் கக்கூசுக்கு, அரிசி, காய் கழுவிய தண்ணீர் தோட்டத்துக்கு, கிணற்றுத் தண்ணீர் குடிக்க, சமைக்க, குளிக்க மட்டும்.

பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். கடத்தூர் ராஜாமணி மட்டும் முதல் ஆளாக வாளியைத் தூக்கினாள். உனக்கென்னடி இவ்வளவு அவசரம் என்றேன்.

"வூட்டுல மாப்பிள்ள பாத்து வச்சிருக்காங்க ஆயா. ஹாஸ்டல மூடுனா பரீட்ச எழுத விடமாட்டாங்க, தாலிதான் கட்டி வைப்பாங்க."

கழுவிய தண்ணீர்தானே

அந்தப் பேச்சு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று தேடித் தேடி அள்ளினேன். கெமிஸ்ட்ரி லேப்பில் கண்ணாடிச் சாமான் கழுவிய தண்ணீர் தொட்டியில் நின்றது. அதிலும் இரண்டு வாளி மொண்டு, ஜெபமாலை சொல்லிக்கொண்டே, பிஷப் கையால் நட்ட மாங்கன்றுக்கு ஊற்றினேன். கிடைத்ததை முதலில் அதற்குத்தானே ஊற்றத் தோன்றும்!

மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகித் தொங்கியது. லேப் அட்டெண்டர் காதர் பாய் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அது ஆசிட்டுங்க அக்கா! சுண்ணாம்பு போட்டு அடக்கி, தனிக் குழியில விடறது. நீங்க ஜெபம் பண்ணி ஊத்துனா பன்னீர் ஆயிடுமா?"

மதர் அறையில்

யார் ஊற்றியது என்று மதருக்குத் தெரியாது. புழங்கிய தண்ணீரால்தான் கன்று கருகியது என்ற கோபத்தில், இனிமேல் தோட்டத்துக்கும் கிணற்றுத் தண்ணீரையே விடச் சொல்லிவிட்டார். அப்படி விட்டால் கிணறு பத்து நாள் தாங்காது.

என் வேலை போனாலும் போகட்டும், ராஜாமணியின் படிப்பு என்னால் போகக்கூடாதே என்று மாதாவிடம் அழுதுவிட்டு மதரிடம் போனேன். "ஊத்துனது நான்தாங்க மதர். தப்பு எம்மேலதாங்க, சட்டத்து மேல இல்லீங்க. அத எடுத்துடாதீங்க" என்றேன். மதர் கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சட்டம் இருக்கட்டும். ஆனா பிஷப் வந்து கேட்டா ஆடு மேஞ்சிடுச்சுன்னு நான் பொய் சொல்லமாட்டேன், நீயே சொல்லிக்கோ."

கடைசிப் பரீட்சை

கிணறு கலங்கலாகவாவது கொடுத்துக்கொண்டே இருந்தது. கடைசிப் பரீட்சையும் முடிந்தது. ராஜாமணியைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்திருந்தார். மகள் மைக்கறை விரலோடு குளியலறைத் தண்ணீரைச் சுமந்து போவதைப் பார்த்துவிட்டு, "வூட்டுல ஒரு சொம்பு மொண்டு தரமாட்டா, இங்க என்னாத்துக்கு இந்தப் பாடு?" என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"இதத் தூக்கித்தாம்ப்பா பரீட்ச எழுதியிருக்கேன். சும்மா நிக்காம நீயும் ஒன்னு தூக்கு."

இத்தனை வருஷத்தில் நான் கற்ற கெமிஸ்ட்ரி, கழுவிய தண்ணீர் எல்லாம் ஒன்றில்லை என்பது மட்டும்தான். நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலும் லேப் வாளியைத் தனியாக வையுங்களேன்.