அறுபத்திரண்டு கிலோ ஆள்

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி. எங்கள் சேட் மேஜை மேலிருந்த போனைக் கையில் எடுத்தார். சேகர் அண்ணனைப் பார்த்து, "நாலு மணி வரைக்கும் டைம். சரக்கு எங்கே போச்சுன்னு சொல்லு. சொல்லலேன்னா போலீஸ்" என்றார். இந்தியில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

நாற்பத்தைந்து கிலோ பித்தளைத் துகள் காணவில்லை.

நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். புனே பக்கம், ஆகுர்டி. வண்டி உதிரிபாகங்கள் கடையும் பட்டறைகளில் லேத்திலிருந்து சீவி விழும் பித்தளையை வாங்கி, சாக்கில் கட்டி, உருக்கும் ஆலைக்கு அனுப்பும் ஒரு கோடவுன். அங்கே எடை போடுகிறவன் நான். எடை மெஷினை இங்கே 'காண்டா' என்பார்கள். சேகர் அண்ணன் டெம்போ டிரைவர். எங்களிடம் ஏற்றுவதை ஆலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்கள் காண்டாவில் நானூற்று அறுபத்தைந்து கிலோ. ஆலையின் காண்டாவில் நானூற்று இருபது. நடுவில் இருந்த மனிதர் ஒரே ஒருவர்.

ஒரே நாளில் வந்த வித்தியாசம் இல்லை இது. மழை ஆரம்பித்ததிலிருந்தே லோடு குறைந்துகொண்டுதான் வந்தது. முதலில் நாலு கிலோ. துகளில் ஊறியிருக்கும் எண்ணெய் வழியில் வடிந்திருக்கும் என்றார்கள். அப்புறம் பன்னிரண்டு. அப்புறம் இருபத்தைந்து. எண்ணெய் அவ்வளவா வடியும்? கோடவுனில் ஆட்கள் சேகர் அண்ணனைப் பார்த்தால் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள்.

இவர்தான் எனக்குக் கட்கியில் அறை பிடித்துக் கொடுத்தவர். இந்த வேலையும் இவர் சொல்லிக் கிடைத்ததுதான். கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஆற்காட்டுத் தமிழ், வெளியே இந்தி, கோபம் வந்தால் மராத்தி.

அன்றைக்கு அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னை டெம்போவுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"மணி... ஒண்ணு கேக்கறேன். உன் காண்டா பராபர் காட்டுதா?"

"சரியாத்தான் அண்ணே காட்டுது. காலையிலகூட நின்னு பாத்தேன். அறுபத்திரண்டு."

"அப்ப நான்தான் தின்னுட்டேன்னு சொல்லு. நாப்பத்தஞ்சு கிலோ பித்தள."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

'நின்னு பாத்தேன்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காண்டா சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இருபது கிலோ இரும்புக்கல் மூன்று இருந்தது. முத்திரை போடப் போன கற்கள் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பதிலாக ஸ்டோர் பார்க்கும் ஜாதவ் ஒரு வழி கண்டுபிடித்தார். நான்தான் அந்த வழி. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நான் காண்டாவில் ஏறி நிற்பேன். அறுபத்திரண்டு காட்டினால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சுவரில் சாக்பீஸால் '62' என்று எழுதிக்கூட வைத்திருந்தார்.

ஏன் நான்? அதற்குக் காரணம் என் பீற்றல். ஏழாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன். திருப்பூர், சூரத், வாபி, பன்வேல் என்று சுற்றியாயிற்று. மூன்று வேளை சாப்பிட்ட வருஷமும் உண்டு, ஒரு வேளை வடா பாவில் ஓடிய வருஷமும் உண்டு. எந்த ஊர் மெஷினில் ஏறினாலும் அறுபத்திரண்டுதான். "என் எடை மட்டும் மாறாது சாகேப்" என்று ஜாதவிடம் நான்தான் சொன்னேன். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

சில நாள் காலையில் அறுபத்தொன்றரை காட்டும். ஜாதவ் தலையை ஆட்டுவார். "மழை. காண்டாவுக்குள்ள ஈரம் இறங்கிடுச்சு. அசையாம நில்லு" என்பார். ஒரு பட்டனை அழுத்திப் பிடிப்பார். மேலே இருப்பது அறுபத்திரண்டு கிலோ என்று நாம் சொல்லிவிட்டால் போதும், மெஷின் நம்பிவிடும். அப்புறம் எதை வைத்தாலும் அந்தக் கணக்கில்தான் காட்டும். இப்படி வாரத்துக்கு ஒரு தடவையாவது 'சரி' செய்தோம். மழை பிடித்த இந்த இரண்டு மாதமும்.

சரக்கு கொண்டுவரும் பட்டறைக்காரர்கள் ஒருவரும் முறையிடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தன் சரக்கு கூடுதலாக எடை காட்டினால் எந்த மனிதன் முறையிடுவான்?

இனி ஒரு மாத்திரை விஷயம். இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டம்.

மழைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்தால் அழுகை வரும். காரணம் கிடையாது. லோக்கல் ரயிலில் நிற்கும்போது வரும். பல் தேய்க்கும்போது வரும். பட்டினி எனக்குத் தெரியும், பிளாட்பாரத்தில் தூங்கியிருக்கிறேன், அப்போதெல்லாம் வராத அழுகை. கட்கி பஜாரில் புரோட்டீன் பவுடர் விற்கிற ஒரு கடை இருக்கிறது. கூச்சத்தோடு போய், "டென்ஷனுக்கு ஏதாவது இருக்கா" என்று கேட்டேன். ஒரு பாட்டில் கொடுத்தார்கள். மருந்து இல்லையாம், சத்து மாத்திரையாம், மூடு நன்றாக இருக்குமாம். இலை படம் போட்டிருந்தது. இலை படம் போட்ட எதையும் நாம் நம்பிவிடுகிறோம்... இல்லையா?

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அழுகை குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. கூடவே பசியும் போயிற்று. டப்பாவில் கொண்டுபோன சோறு பாதி அப்படியே திரும்பி வரும். மனசு நன்றாக இருந்தால் வயிறு கேட்காது போல என்று நினைத்துக்கொண்டேன். பேன்ட் நழுவியது. பெல்ட் மட்டமானது, இழுபட்டுவிட்டது என்று ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டேன். ஒன்று இல்லை. மூன்று.

மெலிந்துவிட்டேனோ என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தினமும் காண்டாவில் ஏறுகிறவன் நான். தினமும் அறுபத்திரண்டு.

வியாழக்கிழமைக்கே வருகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். உள்ளே உட்கார முடியவில்லை. சேகர் அண்ணன் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல, லேட்டாகும், நீங்க சாப்டுங்க" என்பது காதில் விழுந்தது. வெளியே வந்துவிட்டேன். பாட்டிலும் காலி. ஸ்டேஷன் பக்கம் ஒரு மெடிக்கலில் அதே மாத்திரை கிடைக்குமா என்று கேட்கப் போனேன். கடைக்காரர் உள்ளே தேடினார். வாசலில் எடை மெஷின். தினம் ஏறிப் பழகிய கால். ஏறினேன்.

ஐம்பத்தாறு.

"உங்க மெஷின் ரிப்பேர்" என்றேன்.

"போன மாசம்தான் வாங்கினது" என்றார் கடைக்காரர்.

"ஆறு கிலோ கம்மியா காட்டுது."

அவருக்கு எரிச்சல். கவுன்டரைவிட்டு வெளியே வந்து தானே ஏறி நின்றார். எழுபத்தெட்டு. "டாக்டர்கிட்ட நேத்து பாத்தேன், அங்கேயும் எழுபத்தெட்டுதான். நீ கண்ணாடியில உன் மூஞ்சிய பாத்து எத்தன நாளாச்சு?"

பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று ஓட்டைகள். அந்த வாசலிலேயே எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஈரம் இறங்கியது காண்டாவில் இல்லை. குறைந்தது நான். நான் குறையக் குறைய மெஷினை என் அளவுக்கு இழுத்துக்கொண்டே வந்திருக்கிறோம். நானூற்று இருபது கிலோவை நானூற்று அறுபத்தைந்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சேகர் அண்ணன் கையில் கொடுத்தவன் நான்தான்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும்.

சொன்னால் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதற்கு மாத்திரை என்று கேட்பார்கள். சூரத்தில் என்னோடு தறியில் நின்ற ஒருவன் இப்படி ஏதோ மாத்திரை சாப்பிடுவது தெரிந்துபோயிற்று. அடுத்த நாளிலிருந்து அவன் பெயர் 'பாகல்', அதாவது பைத்தியம், என்று ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் ஊரைவிட்டே போனான். அவனை அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் அது எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றரைக்கு கோடவுனுக்குள் நுழைந்தேன். சேட், ஜாதவ், மூட்டை தூக்கும் நாலு பேர், ஸ்டூலில் அதே இடத்தில் சேகர் அண்ணன். நின்றவாக்கில் சொன்னேன். அழுகை, மாத்திரை, பெல்ட், ஐம்பத்தாறு... எல்லாம்.

யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான்.

சேட் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் உன் பாஷைக்காரன். ரூம் பாத்துக் கொடுத்தவன். அதான் கதை கட்டுறே."

"கட்டுக்கதை இல்ல சேட். எடை தெரிஞ்ச சாமான் எதையாவது காண்டாவில வைங்க."

எதிரே மளிகைக் கடை. இருபத்தைந்து கிலோ ஆட்டா, கோதுமை மாவு, மூட்டை இரண்டு வந்தது. தையல் பிரிக்காத கம்பெனி மூட்டை. மேலேயே எடை அச்சடித்திருந்தது. ஒன்றை வைத்தார்கள், அதன் மேல் இன்னொன்றை வைத்தார்கள்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன. ஐம்பத்தைந்து புள்ளி மூன்று.

ஜாதவ் குனிந்து மேடையைத் துணியால் துடைத்தார். மறுபடி பார்த்தார். ஐம்பத்தைந்து புள்ளி மூன்று.

"நான் சரி பண்ணத்தானே செஞ்சேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

சேட் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "சரி, சரி. வண்டிய எடு. நாளைக்கு லோடு இருக்கு."

சேகர் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"சேட், காலையில என்னை எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதே எல்லாரும் இங்கதான் இருக்காங்க." குரல் உயரவே இல்லை. "இப்ப சொல்லுங்க."

சேட்டின் முகம் சிவந்தது. வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, ஆட்டா மூட்டையைப் பார்த்துக்கொண்டே சேட் சொன்னார், "சேகர் எதையும் எடுக்கல."

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை என் அறைக் கதவைத் தட்டியதும் அவர்தான். "அந்த பாட்டில எடுத்துக்க. தவாகானாவுக்குப் போலாம்." நகராட்சி ஆஸ்பத்திரி. டோக்கன் முப்பத்தொன்று. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பதினேழு போய்க்கொண்டிருந்தது.

"அழுவ வந்துதுன்னா என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா கடிச்சா வெச்சிடுவேன்?" என்றார்.

"எப்படிண்ணே சொல்றது..."

"நாக்காலதான்."

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. நீயும் நான் எடுத்தேன்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முந்தின நாள்தான் இத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். இதை மட்டும் மறைத்தால் அது என்னவோ போல் இருந்தது.

"நெனச்சேன் அண்ணே. பன்னெண்டு கிலோ வரைக்கும் நம்பல. இருபத்தஞ்சு ஆனப்ப சந்தேகம் வந்துச்சு. நாப்பத்தஞ்சுக்கு... நம்பிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். டோக்கன் முப்பத்தொன்று வரும்வரை எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிடறாங்க, போ" என்றார்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். உடனே நிறுத்தச் சொன்னார். எடை குறைந்தது மாத்திரையாலும் இருக்கலாம், அந்தச் சோகத்தாலேயே இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளா அழுகை வருது?" என்று கேட்டார். அதை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் வேறொரு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். போவேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் இருந்தால், தயவுசெய்து அதை ஒரு டாக்டர் கண்ணில் காட்டிவிடுங்கள். எனக்கு மருத்துவம் தெரியாது. தெரியாது என்பது மட்டும் இப்போது தெரியும்.

வெளியே வந்து பார்த்தேன். பெஞ்சில் சேகர் அண்ணன் இல்லை.

இரண்டு மாதம் என் எடையைச் சந்தேகிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை... அவரைச் சந்தேகிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.