தென்னையின் பங்காளி

இலங்கை மலைநாட்டு லிந்துலைக் குளிருக்குத் தென்னை வராது. தேங்காய் வரும், சாக்கில். ஓலை வராது. தெரிந்தேதான் அப்பா கேட்டார்: "பச்சத் தென்னோலப் பாடையில தூக்குங்கப்பா. வேற ஒண்ணும் வேணாம்." கேட்ட மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பரீட்சைக்குத் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுச் சுவரெல்லாம் காயவைத்து ஒட்டிய இலைகள். எது எந்தக் குடும்பம் என்று பிரிப்பதில் அப்படியொரு வெறி. புல், மூங்கில், வாழை, தென்னை எல்லாம் ஒற்றை வித்திலையோடு முளைப்பவை, தூரத்துச் சொந்தங்கள் என்பேன். அப்பா சிரிப்பார். "எனக்கே இந்த ஊர்ல ஒரு பங்காளி கெடையாது. புல்லுக்கு இத்தன பேரா?"

உண்மைதான். இந்தியாவிலிருந்து கப்பலேறி ஒற்றை ஆளாக வந்தவர். பாடைக்குத் தோள் கொடுக்கப் பங்காளி வேண்டும் என்பார்கள். சுற்றி நின்றதெல்லாம் அம்மா வழி.

பத்து மணிக்குள் மாமா பாடையைக் கட்டிவிட்டார். மூங்கில், அதன்மேல், காட்டில் மரமாய் வளரும் பன்னம் என்ற பெரணியின் மட்டைகள். தள்ளி நின்று பார்த்தால் தென்னோலையேதான். அம்மாவுக்குக் கண்ணில் புரை.

"மாப்ள, வாயத் தொறந்துறாத," என்றார் என் காதில்.

அம்மா தடவிப் பார்த்தாள். காம்பின் செம்மயிரில் விரல் நின்றது.

"நீ படிச்சவன். சொல்லு, இது தென்னையா?"

"இல்லம்மா."

"தென்னைக்குச் சொந்தமா?"

"இல்லம்மா. பூக்காது, காய்க்காது. பாக்கத்தான் அப்பிடி."

மாமா தலையிலடித்துக்கொண்டார்.

"அப்ப இந்த மலையில தென்னைக்குன்னு யாருமே இல்லையா?"

"ஓடைக்கு அந்தாண்ட கித்துள் பன நிக்கிதும்மா. ஒரே குடும்பம்."

"அந்த மீன்வால் எலையா? மூஞ்சியே ஒட்டலியேடா!" என்றார் மாமா.

"என் மூஞ்சி மட்டும் அப்பாவோட ஒட்டுதா, மாமா?"

அம்மா பன்ன மட்டையைப் பாடையிலிருந்து ஒதுக்கித் தள்ளினாள். பிறகு, "பங்காளின்னு சொல்லு. வெட்டிட்டு வாங்க" என்றாள்.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரின் மரம் அது. சேதி கேட்டதும் அவரே ஏறி வெட்டிப் போட்டார். மரம் பூக்கத் தொடங்கியிருந்தது. கித்துள் உச்சியில் பூக்க ஆரம்பித்து, கீழே கீழே இறங்கிப் பூத்து, கடைசிக் குலையோடு தானும் முடிந்துபோகும். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துக் கடந்தது. அண்ணாந்து பார்த்தேன். அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது.

முடைய வரவில்லை அந்த ஓலை. அப்படியே பரப்பினோம். அம்மா ஒருமுறை தடவிவிட்டு, "தூக்குங்க" என்றாள்.

கொள்ளிச்சட்டியோடு நான் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால், மாமன் மச்சான்களின் தோளில் அப்பா. கிழிசல் கிழிசலான அந்த ஓலை இரண்டு பக்கமும் தேயிலையை உரசிக்கொண்டே வந்தது, மயானம் வரைக்கும்.